துவைக்காத துணி

ரெட்டைப்பிள்ளை அக்கா,

நேற்று காலை உங்கள் மகன் ராமன் வந்திருந்தான். அடுத்த மாதம் உங்களுக்கு வருஷத் திதி. உங்கள் படத்தை ஹட்டனில் கொடுத்துப் பெரிதாக அடித்து, கீழே இரண்டு வரி போட்டு, லயத்து வீட்டு வரிசையின் முனையில் கட்டப்போகிறானாம். "அந்த ரெண்டு வரிய நீங்க எழுதிக் குடுங்க சித்தி. கடைக்காரன்கிட்ட விட்டா 'கண்ணீர் அஞ்சலி'ன்னு போட்டுட்டு நிறுத்திக்குவான்" என்றான்.

சரி என்றேன். போகிறவன் வாசலில் நின்று, கையிலிருந்த பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தான். "இது அம்மாவோட தகரப் பெட்டிக்கு அடியில இருந்துச்சு. புள்ளத் துணி மாதிரி இருக்கு. யாரோடதுன்னு தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா?"

வெள்ளைத் துணி. நாலாக மடித்திருந்தது. விரித்தால் ஒரு கைக்குழந்தையைச் சுற்றலாம், அவ்வளவுதான் அகலம். ஓரத்தைக் கையால் தைத்திருந்தீர்கள். பூச்சியுருண்டை வாசம் குப்பென்று அடித்தது. நீலம் போட்டு அலசிய வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்துத் தேடினாலும் ஒரு கறை கிடையாது.

எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "வச்சிட்டுப் போ. நாளைக்குச் சாயந்தரம் வா" என்று அனுப்பிவிட்டேன். என் வாய் அடைத்துப்போய் நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நேற்று அடைத்துவிட்டது.

இப்போது பிள்ளைக் காம்பராவில் மத்தியானத் தூக்கம். தாய்மார் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்கள் வரும்வரை பதினொரு பிள்ளைகளும் என் பொறுப்பு. ஆயா வேலை கிடைத்து நாலு வருஷமாகிறது, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வரி எழுதத்தான் கொப்பியை எடுத்தேன். வரவில்லை. உங்களுக்கே எழுதினால் வரும் போலிருக்கிறது.

நான் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்தபோது உங்கள் பேர் என்னவென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாருக்கும் நீங்கள் ரெட்டைப்பிள்ளை அக்காதான். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்குப் போகும், உரம் விழுந்த குழந்தை நிமிரும் என்பது நம் சனத்தின் நம்பிக்கை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தபோது உங்களுக்கு ராமன், லெட்சுமணன் என்று இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். லெட்சுமணன் நாலு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அதன்பிறகுதான் இங்கே வந்தீர்கள். லயத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒருவன் போனாலும் உங்கள் கைராசி போகவில்லை என்றார்கள். மஸ்கெலியாவிலிருந்துகூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள்.

என் மகள் தர்ஷினிக்கு நீங்கள் மூன்று தடவை உரம் எடுத்தீர்கள். முதல் தடவை அவளுக்கு மூன்று மாதம். திடீரென்று வீறிட்டு அழுவாள். காலை வயிற்றோடு மடக்குவாள். குடித்த பாலைக் கக்குவாள். என் மாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு, "தூக்கத் தெரியாமத் தூக்கியிருக்க. உரம் விழுந்திருச்சு. ரெட்டப்புள்ளைய கூட்டியா" என்பார். நீங்கள் வருவீர்கள். பழைய நூல் சேலையை மடித்து விரித்து, பிள்ளையை நடுவில் கிடத்துவீர்கள். ஒரு தலைப்பை நீங்களும் மறு தலைப்பை நானும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக உருட்டுவோம். பிறகு வயிற்றில் விளக்கெண்ணெய். அரை மணி நேரத்தில் அழுகை நிற்கும், பிள்ளை தூங்கிப்போகும். மூன்று தடவையும் நின்றது. உங்கள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அந்த மூன்று தடவையும் உங்கள் கையால் நின்றதில்லை. அவள் குடல் தானே முறுகி, தானே பிரிந்திருக்கிறது. அதைப் பிறகு கண்டியில் சொன்னார்கள். அப்போது எனக்கு என்ன தெரியும்?

அடுத்தது பீலிக்கரைச் சண்டை. அதையும் எழுதாமல் விட்டால் நீங்களே சிரிப்பீர்கள். லயம் முழுக்க மலையிலிருந்து வந்து விழும் அந்த ஒரு பீலித் தண்ணீர்தான். நீங்கள் துணியோடு உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் குடத்தை வைத்துக்கொண்டு தவம் கிடக்க வேண்டும். துவைத்ததையே துவைப்பீர்கள். ராமனின் பள்ளிக்கூடச் சட்டை இந்த மலையில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், அவ்வளவு வெள்ளை. அன்றைக்கு நான் பொறுமை இழந்து, "இங்க என்ன கோயில் சேலையா துவைக்கிறீங்க? தோல உரிச்சுக் காயப்போடுங்க, இன்னும் வெள்ளையாகும்" என்று கேட்டுவிட்டேன்.  துணியை அள்ளிக்கொண்டு போன நீங்கள் இரண்டு நாள் என் வாசல் பக்கமே திரும்பவில்லை. எனக்கும் ரோஷம். நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தர்ஷினி அழ ஆரம்பித்தாள். எட்டு மாதப் பிள்ளை. அந்த அழுகை முன்பு அழுத அழுகையாக இல்லை. முதலில் பால் வந்தது. பிறகு மஞ்சளாக வந்தது. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புகிற நேரத்தில் பச்சையாக வந்தது, கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி. என் தோளில் போட்டிருந்த அவளுடைய துணியெல்லாம் பச்சை. மாமியார் சேலையைத் தயாராக விரித்துவிட்டார். அவர் மகன், என் வீட்டுக்காரர், கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். முடிவெடுக்க நானும் மாமியாரும்தான். ரோஷமாவது மண்ணாவது என்று, பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உங்கள் காம்பராவுக்கு ஓடினேன்.

நீங்கள் வேலைக்குப் புறப்பட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, கோவத்த மனசுல வச்சிக்காதீங்க. வந்து உரம் எடுத்து விடுங்க" என்றேன். சாக்கை அவிழ்க்காமலே வந்தீர்கள். பிள்ளையின் வயிற்றில் கை வைத்தீர்கள். வயிறு கல்லாகியிருந்தது. பிறகு என் தோளைப் பார்த்தீர்கள். துணியை உருவி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தீர்கள்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றீர்கள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"இது உரம் இல்ல புள்ள. எங்கையால ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். பீலிக்கரைச் சண்டைக்குப் பழிவாங்குகிறீர்கள் என்றுதான் எனக்குப் பட்டது. "ஊரான் புள்ளைக்கெல்லாம் கை நீளுது, எம்புள்ளைன்னா மட்டும் கை வலிக்குதா? ரெண்டு வார்த்தைய மனசுல வச்சுக்கிட்டு பச்சப் புள்ள உசுரோட வெளையாடுறீங்களா?" என்று கத்தினேன். அது போதாதென்று, "பெத்த ரெண்டுல ஒன்ன பறிகொடுத்தவளுக்கே இன்னொருத்தி புள்ள அரும தெரியலையே!" என்றும் சொன்னேன். லயமே வாசலில் நின்று கேட்டது. அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கு கூசுகிறது.

நீங்கள் மாமியார் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தீர்கள். பச்சைத் துணியைச் சுருட்டி இடுப்புச் சாக்குக்குள் செருகினீர்கள். குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினீர்கள். நான் செருப்பில்லாமல், வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே உங்கள் பின்னால் ஓடினேன். மாமியார் மேலே நின்று, "புள்ளைய தூக்கிட்டு ஓடுறா, புடிங்க" என்று கூவினார். கள்ளியைத் துரத்துகிற மாதிரித்தான் இருந்திருக்கும்.

ரோட்டில் பஸ் நிற்கிற இடம் இன்னும் தூரம். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகிற பஸ் வளைவில் வந்தது. நீங்கள் பிள்ளையோடு நடு ரோட்டில் போய் நின்றீர்கள். டிரைவர் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏசினான். "லமயாட அமாருய், மல்லி! இஸ்பிரிதாலேட!" என்றீர்கள். பிள்ளைக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு என்று அவனிடம் பிள்ளையைத் தூக்கிக் காட்டிச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அவன் ஆஸ்பத்திரி இருக்கிற டிக்கோயா வரை எந்த இடத்திலும் ஆளேற்ற நிறுத்தவில்லை.

பஸ்ஸில் தர்ஷினி இன்னொரு தடவை பச்சையாக எடுத்தாள், அதையும் அதே துணியில் ஏந்தினீர்கள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். அழுகை நின்றதும், "பாத்தீங்களா, அடங்கிருச்சு" என்றேன் உங்களிடம். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், அவ்வளவுதான். பிள்ளை அடங்கவில்லை, அழத் தெம்பில்லாமல் போயிருக்கிறாள் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து. உள்ளே போவதற்கு முன் ஓரத்தில் ஒரு பைப்பைக் கண்டேன். பிள்ளையின் மூஞ்சியெல்லாம் வாந்தி, என் சட்டையெல்லாம் வாந்தி. இப்படியே கொண்டுபோனால் ஏசுவார்களே, லயத்து ஆட்கள் என்றாலே அழுக்கு என்பார்களே என்ற நினைப்புத்தான் எனக்கு. "அந்தத் துணிய குடுங்க, அலசிட்டுப் போவோம்" என்று உங்கள் இடுப்பிலிருந்து உருவப்போனேன். என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தீர்கள்.

"தண்ணியில வச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்றீர்கள். லயத்திலேயே வெள்ளையாகத் துவைக்கிறவர், ஒரு துணியைத் துவைக்கப் போனதற்கு என்னை அடித்தீர்கள். அப்போது அதை யோசிக்க எனக்கு நேரமில்லை.

உள்ளே இருந்தது ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. சின்ன வயசு. "பிள்ளைக்கு எப்ப தொடக்கம் சத்தி?" என்று கேட்டார். வாந்தி விடியக்காலையிலிருந்து என்றேன். "என்ன நிறத்தில எடுத்தவ?" என்று கேட்டார். இப்போது கேளுங்கள் என் புத்தியை. "பால் வாந்திதாங்க" என்றேன். பெரிதாகச் சொன்னால் ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தாய் என்று கேட்பாரோ என்று பயம். ஆரம்பத்தில் பால்தானே எடுத்தாள், பொய்யில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம்.

நீங்கள் முன்னால் வந்து துணியை மேசைமேல் விரித்தீர்கள். "பால் இல்லைங்க. இதப் பாருங்க. ஏழு மணிக்கு எடுத்தது இது, பஸ்ஸுல எடுத்தது இது" என்று இடத்தைத் தொட்டுக் காட்டினீர்கள். டாக்டரம்மா துணியைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். பிள்ளையின் வயிற்றை அமுக்கினார். அதன்பிறகு எங்களிடம் பேசவில்லை. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் அங்குமிங்கும் ஆட்களைக் கூப்பிட்டார். கையில் ஊசி ஏறியது, மூக்கில் குழாய் போனது, வயிற்றை மெஷினில் பார்த்தார்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"பச்சை எண்டால் அது பித்தம், அம்மா. குடல் எங்கேயோ அடைபட்டாத்தான் இப்பிடி மேல வரும். உங்கட பிள்ளைக்குப் பிறக்கேக்கையே குடல் சரியான இடத்தில அமையேல்ல. அப்பிடி இருக்கிற பிள்ளையளுக்கு அது ஒருநாள் சுழண்டு முறுகிப்போகும். முறுகினால் ரத்தம் ஓடாது. கண்டிக்கு அனுப்புறன், உடன ஒப்பரேஷன் செய்ய வேணும்."

எழுந்தவர், "இந்தத் துணியைக் கொண்டுவந்தது ஆர்?" என்று கேட்டார். நீங்கள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டீர்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்தீர்கள் போல. அவர் துணியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, "இதையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று என் கையில் தந்தார்.

ஆம்புலன்ஸில் என்னை மட்டும்தான் ஏற்றினார்கள். கண்டியில் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடிய பிறகு நான் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும், நீங்கள் வந்தீர்கள். ஹட்டனுக்குப் போய், கண்டி பஸ் பிடித்து, விசாரித்து வந்திருக்கிறீர்கள். இடுப்பில் இன்னும் அந்தச் சாக்கு. காலில் அட்டை கடித்து ரத்தம் காய்ந்திருந்தது. பாதிப் பாணும் ஒரு போத்தல் தேத்தண்ணியும் கொண்டுவந்திருந்தீர்கள். "தின்னு" என்றீர்கள். தின்றேன். காலையில் உங்களை அப்படிப் பேசிய வாயால் தின்றேன்.

அங்கேதான் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை, நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

"லெச்சுமணனுக்குக் காய்ச்சல் இல்ல புள்ள. இதேதான். முந்தின நாளு பூரா கத்துனான். சேலையில போட்டு உருட்டுனேன். ரெட்டப்புள்ள பெத்தவ கைன்னு சொன்னாங்க, நானும் நம்பி உருட்டுனேன். மறுநா காலையில பச்ச பச்சையா எடுத்தான். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு கொண்டுபோகணும். அங்க இருந்த ஐயா அழுக்கா போனா வாசலோட வெரட்டுவாரு. அதனால சுடுதண்ணி வச்சு புள்ளைய குளிப்பாட்டுனேன். பவுடர் போட்டேன், பொட்டு வச்சேன். அந்தத் துணிய பீலியில நல்லா அடிச்சுத் துவைச்சு, நெருப்புல காயவச்சு, அதுலயே சுத்தி எடுத்துட்டுப் போனேன். வாந்தின்னேன். என்ன வாந்தின்னு அவரு கேக்கல. எனக்கும் சொல்லத் தெரியல. புள்ளையும் அப்ப அழுகாம கெடந்தான், சுத்தமா இருந்தான். தண்ணி மருந்து குடுத்து அனுப்பிட்டாரு. வீடு வந்து சேரல, பாதையிலேயே போயிட்டான்."

சொல்லி முடித்துவிட்டு, சாக்கின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தீர்கள். "பச்சைய நானே துவைச்சிட்டேன்" என்றீர்கள்.  தேத்தண்ணியில் பாதியை உங்களுக்கு ஊற்றித் தந்தேன்.

டாக்டர் வெளியே வந்தபோது இன்னும் பகல் வெளிச்சம் இருந்தது. முறுக்கைப் பிரித்துவிட்டார்கள். ஒரு சாண் நீளம் கறுத்துப்போயிருந்ததை வெட்டி எடுத்துவிட்டார்கள். மற்றதற்கு ரத்தம் திரும்பிவிட்டது. பிள்ளை பிழைக்கும் என்றார். நான் உங்கள் மடியில் விழுந்து அழுதேன். நீங்கள் அழவில்லை. "எந்திரி, மூக்கத் தொட. ஆளுங்க பாக்குறாங்க" என்றீர்கள்.

இதோடு விட்டால் உங்களைப் பற்றி ஒரு நல்ல கதையாகிவிடும். விட மாட்டேன். எனக்கு உங்கள்மேல் கோபமும் இருந்தது. ஒரு வருஷம் கழித்து, தர்ஷினி நடக்கத் தொடங்கிய பிறகு, பீலிக்கரையில் வைத்தே கேட்டேன். "ஒங்க புள்ளைக்கு உருட்டி ஆகலைன்னு தெரிஞ்சும், எம்புள்ளைய எப்புடிக்கா மூணு தடவ உருட்டுனீங்க? ஊர்ப்பட்ட புள்ளைகள எப்புடி உருட்டுனீங்க?"

நீங்கள் கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்துவிட்டு யோசித்தீர்கள். முதலில், "பச்சையா எடுக்காத வரைக்கும் உரம்னுதான் நெனச்சேன்" என்றீர்கள். நான் நகரவில்லை. அதற்குப் பிறகு சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"புள்ளைய தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னு 'ரெட்டப்புள்ள அக்கா'ன்னு கூப்புடுறாங்கள்ல. அப்புடிக் கூப்புடுறப்ப ரெண்டும் இருக்கிற மாதிரி இருக்கும் புள்ள. மாட்டேன்னு எப்புடிச் சொல்லுவேன்?"

என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் வாசலில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. யார் பிள்ளையைத் தூக்கி வந்தாலும், "வாந்தி எடுத்துச்சா? துணி எங்க? துவைக்காம கொண்டா" என்பீர்கள். சேலை விரிப்பது அதற்குப் பிறகுதான். மஞ்சளோ பச்சையோ பட்டால் சேலையே கிடையாது, ஆஸ்பத்திரிதான். கைக்குழந்தை கழுத்துத் திரும்பாமல் அழுதால் தைலம் தடவி விடுவீர்கள், அதற்கு மேல் போக மாட்டீர்கள். லயத்தில் சும்மா விடுவார்களா? "ரெட்டப்புள்ள டாக்டராயிருச்சுடோய், அழுக்குத் துணி பாத்து மருந்து சொல்லுது" என்று சிரித்தார்கள். என் மாமியார்தான் முதல் ஆள். வருகிறவர்கள் குறைந்தார்கள். வேறொரு தோட்டத்தில் உரம் எடுக்கிற ஒருத்தியைத் தேடிப் போனார்கள். கூப்பிடுகிற குரல் குறைந்தது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

தர்ஷினிக்குப் பதினொரு வயசாகிவிட்டது. வயிற்றில் குறுக்கே அந்தத் தழும்பு இருக்கிறது. வளர வளர அதுவும் அகலமாகிறது. பலாப்பழம் தின்றுவிட்டு வயிறு வலிக்கிறது என்றாலும் எனக்குப் பயம்தான். வெட்டித் தைத்த குடலில் பின்னாளிலும் அடைப்பு வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். "வாந்தி வருதா? என்ன நெறம்?" என்று கேட்பேன். "ஐயோ அம்மா, ஒன்னுமில்ல" என்று தலையில் அடித்துக்கொள்வாள். போன வருஷம் நீங்கள் மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்விட்ட அன்றைக்கு, என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். பிள்ளைகள் எழும்புகிற நேரமாகிவிட்டது. மிச்சத்தை வீட்டில் எழுதுகிறேன்.

ராமன் வந்துவிட்டுப் போய்விட்டான். இப்போதுதான்.

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்பதிலிருந்து பாதையில் போனது வரை. நான் உங்களைத் திட்டியதையும் மறைக்கவில்லை. பிறகு என் அலமாரியிலிருந்து தர்ஷினியின் துணியை எடுத்தேன். கண்டியில் திருப்பித் தந்த அதே பொலித்தீன் பையில் இருக்கிறது. பச்சை இப்போது பழுப்பாகிவிட்டது. உங்கள் துணிக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். இரண்டும் ஒரே அளவுதான்.

அவன் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். "அப்ப அம்மா துவைச்சதாலதான் தம்பி செத்தானா சித்தி?" என்று கேட்டான்.

நேற்றிலிருந்து நான் பயந்த கேள்வி இதுதான். ஆனால் பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இல்லடா. அன்னிக்கு அந்தத் துணிய யாருமே கேக்கல" என்றேன்.

அவன் தலையாட்டினான். உங்கள் துணியை மடித்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு, "ரெண்டு வரி?" என்றான். கொப்பியைக் காட்டினேன். உங்கள் பேருக்குக் கீழே, 'ராமன், லெட்சுமணன் இருவரின் தாய்' என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

"அவன் நாலு மாசம்தானே சித்தி இருந்தான்? இங்க அவன் மொகத்த ஒருத்தரும் பாத்தது இல்லையே."

"ஒங்கம்மாவ என்னன்னுடா கூப்புட்டோம்?"

அவன் தாளைக் கிழித்து வாங்கினான். சட்டைப் பையில் வைக்கப்போனவன், மறுபடி வெளியே எடுத்து, இரண்டு பேரையும் வாய்விட்டு ஒரு தடவை வாசித்தான். உங்கள் படத்துக்குக் கீழே அப்படியேதான் வரும் அக்கா. நாளைக்கு ஹட்டனில் கொடுக்கிறான்.